மலைச்சாமி வீட்டு வெற்றிடம்

ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் வானம் வாய் திறக்கவில்லை. சிறுமலையின் தோள்மீது கார்முகில்கள் வந்து அமர்ந்தன, அமர்ந்தவை எழவில்லை. பதினோராம் நாள் வைகறையில் தொடங்கிய மழை, இடியின்றி, மின்னலின்றி, விரதம் பூண்டவர் மந்திரம் உருவேற்றுவதுபோல ஒரே சீராக மூன்று நாள் இறங்கியது. திண்டுக்கல்லுக்குப் பெயர் தந்த பெரும்பாறை நனைந்து, திருமஞ்சனம் முடிந்து அலங்காரத்துக்குக் காத்திருக்கும் திருமேனிபோலக் கருமை கொண்டு நின்றது. சமவெளியின் செம்மண் நிலங்கள் வந்த நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கிடந்தன. முருங்கைத் தோட்டங்களில் பூ உதிர்ந்து, வரப்பெங்கும் வெண்மை பரந்தது. காக்கையும் கோழியும் கன்றும் தத்தமக்கு வாய்த்த மறைவில் ஒடுங்கி, ஈரம் படாத ஒரு சாண் இடத்தின் அருமையை எண்ணியிருக்கும் பருவம் அது.

அப்பருவத்தில்தான் மலைச்சாமி தம் வீட்டில் நாலடிக்கு ஆறடி இடத்தை உண்டாக்கினார். அதுவே அவர் செய்த குற்றம்.

மலைச்சாமி ஒட்டன்சத்திரம் சந்தையில் கேரளத்துக்குப் போகும் லாரிகளில் காய்கறி அடுக்குபவர். முப்பது ஆண்டுத் தொழில். தக்காளிப் பெட்டிமேல் பூசணி ஏறலாகாது. முருங்கைக் கட்டு ஓரம் சேர வேண்டும். கடைசி ஊரில் இறங்கும் சரக்கு முதலில் ஏற வேண்டும். இவை அவருக்கு வேதம். திண்டுக்கல்லுக்கு மேற்கே பழனிச் சாலையை ஒட்டி அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், முந்நூறு சதுர அடி வீட்டில் மனைவி மூக்காயியோடு வாழ்ந்தார். அவ்வீட்டில் சாமான்கள் வசித்தன. அவற்றுக்கு இடையில் கிடைத்த வளைவுகளில் கணவனும் மனைவியும் உடலை மடித்து உறங்கினர்.

இந்நிலையில் ஒரே மகள் தீபாவுக்கு எட்டாம் மாதம் நடந்தது. சாணார்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தாக வேண்டும். மகள் கைப்பேசியில் அழைத்தாள்.

"அப்பா, அங்க படுக்க எடமில்லேன்னா நான் இங்கனயே இருந்துக்கிறேன்ப்பா. அத்தை ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

"ஒங்க அத்தை நெனைக்க மாட்டாக, தாயி. நான் நெனைப்பேன்ல? வளைகாப்பு முடிஞ்ச கையோட நீ கெளம்பி வா. எடத்துக்கு நானாச்சு."

சொன்னவர் இரண்டு நாள் சந்தைக்குப் போகவில்லை. வீட்டை ஒரு லாரியாகக் கருதி முற்றும் இறக்கி, மீண்டும் ஏற்றினார். குண்டானுக்குள் சட்டி, சட்டிக்குள் போசி, போசிக்குள் தம்ளர் என்று பாத்திரங்கள் கருவுற்றன. கம்பளிகள் பெட்டிக்குள்ளும், பெட்டி டிரங்குக்குள்ளும், டிரங்கு பரண்மேலும் போயின. சேலைகள் சுருட்டப்பட்டு வெற்றிலைக் கட்டுபோல் அடுக்கப்பட்டன. கதவின் பின்புறம் கரண்டிகள் தொங்கின. பொங்கலுக்கே வேண்டிய பானை கடைக்கோடியிலும், நாள்தோறும் வேண்டிய காப்பிப் பொடி முன்வாசலிலும் இடம்பெற்றன.

"ஏங்க, வெந்தயத்த எங்க வச்சீக?" என்றாள் மூக்காயி.

"பாலக்காட்டுல இருக்கு."

"எங்க?"

"ரெண்டாம் வரிசைடீ. முன்னால பொள்ளாச்சி, அப்பறம் பாலக்காடு, அதுக்குப் பின்னால திருச்சூரு. சீரகம் திருச்சூர்ல இருக்கு. அது வேணும்னா மொதல்ல பொள்ளாச்சிய எறக்கணும்."

"ஒரு ரசம் வைக்க நான் மலையாள தேசம் போயிட்டு வரணுமாக்கும்!" என்றாள் அவள். எனினும் சுவரோரம் தெளிந்து கிடந்த நாலடிக்கு ஆறடித் தரையைக் கண்டதும் அவள் கோபம் தணிந்தது. அதில் ஒரு தாயும் குழந்தையும் கால் நீட்டிப் படுக்கலாம். மேலே கூரைக் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டலாம்.

இங்கே சிறுமனை வெற்றிட ஒழிப்பு வாரியத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவது முறை. சிறிய வீட்டில் சாமான்களைச் சீராக வைத்துக்கொள்வது எப்படி என்று ஏழைகளுக்குக் கற்பிக்கத் தோன்றிய வாரியம் அது. 'கதவுக்குப் பின்னும் ஓர் உலகம்' என்ற கையேட்டை அச்சிட்டு வீடுதோறும் வழங்கியது. பணி அத்துடன் முடிந்துவிட்டது. முடிந்த பணியைக் கொண்டு ஒரு வாரியம் உயிர் வாழ இயலாது. ஆகவே அது தன் உண்மையான பகைவனைத் தேடிக் கண்டடைந்தது. அப்பகைவன் வெற்றிடம். 'ஒருவர் கால் நீட்டிப் படுக்கத்தக்க தரை எதுவாயினும் வெற்றிடமே' என்று அதன் ஒன்பதாம் சுற்றறிக்கை வரையறுத்தது. ஒவ்வொரு வீட்டின் நிலைப்படிக்கு மேலும் அவ்வீட்டின் நிறைவு விழுக்காடு வண்ணத்தில் எழுதப்பட்டது. மலைச்சாமி வீட்டுக்குத் தொண்ணூற்றாறு.

மழை விட்ட நாளில் வாரியத்தின் மாவட்ட அலுவலர் இளஞ்செழியன் ஆய்வுக்கு வந்தார். அவருடன் அளவு நாடாவோடு வந்தவர் ஆய்வாளர் அறிவுச்செல்வி; பழனிப் பக்கத்துப் பெண், பணிக்கு வந்து ஓராண்டு ஆகாதவர். அலுவலர் வாயிலைக் கடந்ததும் நின்றார். அவர் கால் எதன்மீதும் இடறவில்லை. அந்த அனுபவம் அவருக்குப் புதிது.

"அளவெடுங்கள்" என்றார், தாழ்ந்த குரலில்.

அறிவுச்செல்வி அளந்தார். "நாலுக்கு ஆறு, சார். இருபத்து நாலு சதுர அடி. நிறைவு எண்பத்தெட்டு."

"எட்டு விழுக்காடு சரிவு! மாவட்டத்தின் பெருமையாக இருந்த வீடு." அலுவலர் மலைச்சாமியை நோக்கினார். "என்ன நேர்ந்தது? களவு போயிற்றா? எதையேனும் விற்றுவிட்டீர்களா?"

"ஒண்ணும் விக்கல சார். அம்புட்டுச் சாமானும் இங்கதான் இருக்கு. அடுக்கி வச்சேன்."

"குறித்துக்கொள்ளுங்கள், அறிவுச்செல்வி. குற்றம் நிகழ்ந்த முறை: அடுக்கி வைத்தல்."

அறிவுச்செல்வியின் பேனா தயங்கியது. "சார், அடுக்கி வைக்கச் சொல்லித்தானுங்களே நாம கையேடு கொடுத்தோம்?"

"கையேடு வழங்குவது வாரியத்தின் கடமை. ஆளாளுக்கு அதைப் படித்து, அதன்படி நடக்கவும் புறப்பட்டுவிட்டால் நாடு முழுதும் வெற்றிடம் பெருகிவிடாதா? வீட்டுக்கார அம்மா, நீங்களும் கேளுங்கள். அரசு முந்நூறு சதுர அடி கட்டியது, முந்நூறும் பயன்படும் என்ற நம்பிக்கையில். அதில் இருபத்து நான்கில் இப்போது காற்று குடியிருக்கிறது. காற்றுக்கு வீடு ஒதுக்க அரசாணை இல்லை."

"காத்துக்கு இல்ல சார், எம்மகளுக்கு" என்றாள் மூக்காயி. "மார்கழியில பிள்ளப்பேறு. தாயும் பிள்ளையும் படுக்கத்தான் இந்த எடம்."

அலுவலர் படிவத்தைப் புரட்டினார். நிலைப் பொருள், பருவப் பொருள், பழுதுற்ற பொருள் என்று மூன்று பத்திகள் இருந்தன. "பிறவாத பொருளுக்கு முன்பதிவு இல்லை. பிறந்தபின் நீளம், அகலம், உயரம் குறித்து விண்ணப்பிக்கலாம். குழந்தை வளரும் பொருளாதலால் ஆண்டுதோறும் திருத்திய அளவு தர வேண்டும்."

"பச்சமண்ணுக்கு அகலமா! நல்லா இருக்கே ஒங்க நாயம்!"

"நியாயம் அன்று, அம்மா, விதி" என்று திருத்திவிட்டு அவர் படியிறங்கினார்.

மலைச்சாமி மேல்முறையீடு செய்தார். வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஊருக்குள் இரண்டு அறைகளில் இயங்கியது. வெற்றிட ஒழிப்பில் அதற்கு நிகர் அதுவே. ஒவ்வொரு வீட்டைப் பற்றியும் நான்கு படிகளில் எழுதப்பட்ட அறிக்கைகள் தரையிலிருந்து கூரைவரை எழுந்திருந்தன. கூரையில் சுழல இடமில்லாமல் மின்விசிறி கழற்றப்பட்டிருந்தது. தட்டச்சர் தம் கால்களை மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தார். காலையில் அலுவலர் உள்ளே சென்றதும் அவர் சென்ற வழியிலும் கோப்புகள் அடுக்கப்படும். மாலை ஐந்தே முக்காலுக்கு அவரை அகழ்ந்து எடுப்பார்கள். உள்ளே ஒருவர் நிற்க இடமிருந்தால் அது வெற்றிடம் ஆகிவிடுமாதலால், மக்கள் சன்னல் கம்பிக்கு வெளியே சாக்கடைத் திட்டில் நின்று குறை சொல்வர். மலைச்சாமியும் அங்கேயே நின்றார்.

"சார், சேலையில தொட்டில் கட்டணும். புள்ள பெத்தவ கால நீட்டணும். நாலுக்கு ஆறு போதும் சார். அதுக்கு மேல கேக்கல."

கோப்புகளுக்கு அப்பாலிருந்து அலுவலரின் குரல் மட்டும் வந்தது. "ஐயா, உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் நாட்டை உணர்வால் நிரப்ப முடியாது. நம் முன்னோரும் இத்தவற்றைச் செய்தவர்களே. பெருங்கோயில்களில் ஆயிரங்கால் மண்டபம் பார்த்திருப்பீர்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே எத்தனை வெற்றிடம்! ஆயிரம் தூணையும் ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருந்தால் இடமும் மிஞ்சியிருக்கும், மண்டபமும் உறுதியாக இருந்திருக்கும். இதைக் குறித்து மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்."

"உள்ள எப்படி சார் போறது?"

"எதற்குள்?"

"மண்டபத்துக்குள்ள."

கோப்புகளுக்குள் ஒரு தாள் புரளும் ஓசை கேட்டது. "உள்ளே போவதைப் பற்றி என் கடிதத்தில் ஒன்றும் இல்லை" என்றது குரல். பிறகு தீர்ப்பும் வந்தது. "உங்கள் இல்லத்து வெற்றிடத்தை வாரியமே ஏற்றுக்கொள்கிறது. எங்கள் ஆவணங்களில் நாற்பத்தெட்டுப் பெட்டிகள் நாளை உங்கள் இல்லம் வரும்."

"எம்புட்டு நாளைக்கு சார்?"

"வாரியம் உள்ளளவும்."

கார்த்திகை நடுவில் நாற்பத்தெட்டு அட்டைப் பெட்டிகள் சரக்கு ஆட்டோவில் வந்தன. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். உள்ளே காகிதம் கெட்டியாக அடைத்திருந்தது. அடுக்கும் பொறுப்பு, தொழில் தெரிந்தவர் என்பதால், மலைச்சாமிக்கே அருளப்பட்டது. ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை எண் இட்டிருந்தார்கள். ஒன்றாம் பெட்டியை அலுவலரே இரு கைகளாலும் ஏந்தி வந்தார்.

"இதில் இருப்பது வாரியத்தை நிறுவிய மூல ஆணை. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் இதனைத் தலைமையகத்தில் நேரில் காட்டினால்தான் மறு ஆண்டுக்கு வாரியம் உண்டு. ஆகவே எண் வரிசை பிறழாமல், ஒன்றிலிருந்து தொடங்கி அடுக்குங்கள்."

மலைச்சாமி பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், ஒண்ணாம் நம்பர் மொதல்ல ஏறுனா அடியில போயிரும். திரும்ப எடுக்கிற சரக்குன்னா கடைசியில ஏத்தி மேல வைக்கணும். லாரியில அதான் மொறை."

"இது லாரி அன்று, அரசு. நாற்பத்தெட்டாம் எண்ணுக்குப் பின் ஒன்றாம் எண் ஏறுவதா? எடுக்கும்போதும் வரிசைப்படி, நாற்பத்தெட்டிலிருந்தே எடுக்க வேண்டும். இதைச் சிறப்பு ஆணையாகவே எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறேன்."

மலைச்சாமி தலையில் துண்டைக் கட்டினார். ஒன்றாம் பெட்டியைச் சுவர் மூலையில் தரையில் வைத்தார். கீழே இருபத்து நான்கு, மேலே இருபத்து நான்கு. இடையில் ஊசி நுழையாது. சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியதும் அது ஒரே கல்லில் செதுக்கிய பீடம்போல் நின்றது. அலுவலர் மனம் நிறைந்து சென்றார்.

மலைச்சாமி அதன் எதிரே உட்கார இடமில்லாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். மகள் வர மூன்றே நாள். பக்கத்து வீட்டு முனீர் வந்து எட்டிப் பார்த்தார். பேகம்பூரில் தைத்த இலவம்பஞ்சு மெத்தைகளை மொபெட்டில் வைத்துத் தெருத் தெருவாக விற்பவர்.

"என்னண்ணே, லாரி கவுந்த மாதிரி மொகம்?"

"என்னத்தச் சொல்ல, பாய். எம்மகளை வா வான்னு சொன்னேன். இப்ப எங்க படுக்க வைப்பேன்? சாணார்பட்டிக்குப் போன் போட்டு வராதேன்னு நானே சொல்லணும்."

"பொட்டிய நல்லா அடுக்கியிருக்கீங்கண்ணே. அதையும் சொல்லணும்."

"அடுக்கென்ன அடுக்கு. இது மேல தார்ப்பாய விரிச்சா எர்ணாகுளம் வரைக்கும் அசையாமத் தூங்கலாம். எத்தனை நாளு லோடு மேலயே படுத்துப் போயிருக்கேன்..."

மலைச்சாமி பெட்டிகளைப் பார்த்தார். முனீரும் பெட்டிகளைப் பார்த்தார். அடுக்களையிலிருந்து மூக்காயியின் தலை வெளியே வந்தது.

"இப்ப என்ன சொன்னீக?" என்றாள்.

முனீர் அதற்குள் படியில் பாதி இறங்கிவிட்டார். "நாலுக்கு ஆறு ஒண்ணு புதுசா இருக்கு அக்கா! செத்த நேரத்துல வாரேன்!"

மறுநாள் அறிவுச்செல்வி சான்றிதழ் எழுத வந்தார். பெட்டிகள்மேல் மெத்தை; மெத்தைமேல் வெள்ளை விரிப்பு; மேலே கொக்கியில் மூக்காயியின் பழைய பருத்திச் சேலை தொட்டிலாகத் தொங்கியது. அவர் குனிந்து தரையை மட்டும் அளந்தார்.

"தரையில கால் நீட்டிப் படுக்க எடமில்லைங்க. நிறைவு தொண்ணூத்தாறு."

"மேல இருக்கிறத எழுதலையா, ஆத்தா?" என்றாள் மூக்காயி அச்சத்தோடு.

"ஏனுங்கம்மா, படிவத்துல தரையைப் பத்தி மட்டுந்தானுங்க கேட்டிருக்கு. கேக்காததை எழுதுனா அடித்தல் திருத்தல்னு திருப்பிடுவாங்க." நாடாவைச் சுருட்டிக்கொண்டு மெத்தையை ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்தார். "மெத்து மெத்துன்னு இருக்குதுங்க."

தீபா வந்தாள். மார்கழி ஐந்தாம் நாள் அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் தாயும் சேயும் வீடு சேர்ந்து, வாரியத்தின் நாற்பத்தெட்டுப் பெட்டிகள்மீது எழுந்தருளினர். மூக்காயி நிலையில் வேப்பங்கொத்துச் செருகினாள். பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டு முப்பது நாள். ஆண்கள் உள்ளே வருவதில்லை. மலைச்சாமியே முனீர் வீட்டு நடையில் உடலை மடித்துப் படுத்துக்கொண்டு, பேத்தியின் அழுகையைச் சுவர் வழியே கேட்டு மகிழ்ந்திருந்தார்.

ஆங்கில ஆண்டு முடிய மூன்று நாள் இருக்கையில் வாரியம் படியேறி வந்தது. மூல ஆணையைக் கொண்டுவரும்படித் தலைமையகம் அழைத்திருந்தது. ஆனால் வந்தவர்களைப் பார்த்த மலைச்சாமி ஒருகணம் யாரென்று திகைத்தார். இளஞ்செழியன் பச்சை வேட்டி உடுத்தி, கழுத்தில் மாலை அணிந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெறுங்காலோடு நின்றார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க விரதம். பின்னால் வந்த நான்கு ஊழியரும் அவ்வண்ணமே. அறிவுச்செல்வி மட்டும் வழக்கம்போல நாடாவோடு வந்திருந்தார்.

"வாங்க சாமி" என்று மலைச்சாமி கைகூப்பினார். மாலையிட்டவரை வேறு சொல்லால் அழைப்பது வழக்கமில்லை.

"ஒன்றாம் பெட்டி உடனே வேண்டும்."

"இருக்கு சாமி. பத்திரமா இருக்கு. மேல எம்மக படுத்திருக்கா, பக்கத்துல பேத்தி. அவுகளுக்குக் கீழ மெத்தை. மெத்தைக்குக் கீழ மேலடுக்கு. அதுக்குக் கீழ மூலையில சுவத்த ஒட்டி இருக்கு."

"அடியிலா!"

"நம்பர் வரிசை சாமி."

அலுவலர் உள்ளே பாயக் காலைத் தூக்கினார். நிலையில் மூக்காயி நின்றாள். அவள் கையை நீட்டித் தடுக்கவில்லை, வேப்பங்கொத்தைப் பார்த்தாள், பிறகு அவர் கழுத்தைப் பார்த்தாள். "ஏஞ் சாமி, மாலையப் போட்டுக்கிட்டுத் தீட்டு வீட்டுக்குள்ளயா வாரீக?"

உயர்ந்த கால் அந்தரத்தில் நின்றது. நிலைப்படிக்கு உள்ளே வாரியத்தின் உயிர். வெளியே பழனியாண்டவர்மேல் பூண்ட விரதம். நடுவே ஒரு கால். நான்கு ஊழியரும் ஒருமித்து ஒரு படி கீழே இறங்கினர். அலுவலர் காலை மெல்லப் பின்னால் வைத்தார்.

"வாரியம் தெய்வத்துக்கு எதிரானது அன்று. அறிவுச்செல்வி, நீங்கள் பெண். நீங்கள் போங்கள்."

அறிவுச்செல்வி உள்ளே போனார். தீபா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்த பேச்செல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையை ஊன்றி எழ முயன்றாள்; தையல் இழுத்ததில் முகம் சுருங்கியது.

"எந்திரிக்கணுமா மேடம்? செத்த இருங்க, எந்திரிச்சுர்றேன். நாங்க வேணா சாணார்பட்டிக்கே போயிர்றோம். அப்பாவ மட்டும் ஒண்ணும் சொல்லாதீக."

"படுங்க" என்றார் அறிவுச்செல்வி. விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டார். பிறகு வெளியே வந்தார்.

"சார், எடுக்கலாமுங்க. ஆனா உங்க சிறப்பு ஆணைப்படி நாப்பத்தெட்டாம் பெட்டியிலிருந்து வரிசையா எடுக்கோணும். நாப்பத்தேழு பெட்டியை எறக்கி வைக்க எடம் வேணும். அதுவரைக்கும் தாயும் குழந்தையும் படுக்க எடம் வேணும். எங்கீங்க சார் படுக்க வைக்கட்டும்?"

"பக்கத்து வீட்டில்."

"நிறைவு தொண்ணூத்தெட்டுங்க. முனீர் பாயே மெத்தைக் குவியலுக்கு மேலதான் படுக்கறாரு."

"படிக்கட்டில்."

"பன்னெண்டாம் சுற்றறிக்கைப்படி சைக்கிளும் உரலும் அடுக்கியாச்சுங்க. நாம வந்ததே ஒருக்களிச்சுத்தானுங்க."

"அப்படியானால் நம் அலுவல..." என்று தொடங்கிய இளஞ்செழியன் அச்சொல்லை முடிக்கவில்லை.

"மாவட்டத்துல நம்ம பொறுப்புல இருக்கிற ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு வீட்டுலயும் ஒரு ஆள் கால் நீட்ட எடமில்லைங்க, சார். நீங்கதானுங்களே போன மாசம் சான்றிதழ் கொடுத்தீங்க? கேடயங்கூட வாங்குனீங்க."

மார்கழிக் காற்று மாடிப்படியில் ஏறிவந்து ஐந்து பச்சை வேட்டிகளையும் அசைத்தது. உள்ளே குழந்தை ஒருமுறை அழுதது. உடனே தாயின் 'ரோ ரோ' என்ற குரல் கேட்டது. இளஞ்செழியன் நிலைக்கு மேல் எழுதியிருந்த தொண்ணூற்றாறு என்ற எண்ணை நெடுநேரம் நோக்கினார்.

"வெற்றிடத்தை முற்றும் ஒழித்துவிட்டோம்" என்றார் கடைசியில். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெற்றியின் சாயல் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு வாரியம் காலாவதியாயிற்று. மூல ஆணையைக் காட்டாமல் கால நீட்டிப்புக்கு ஒருமுறை விண்ணப்பித்துப் பார்த்தார்கள். அவ்வாறு விண்ணப்பிக்கலாம் என்பதற்கான விதி ஒன்றாம் பெட்டியில் இருப்பதாக மறுமொழி வந்தது. இளஞ்செழியன் அலுவலகக் காகிதக் குறைப்புக் குழுவுக்கு மாற்றப்பட்டார். காகிதத்தைக் குறைக்க வேண்டியதன் இன்றியமையாமை குறித்துப் பதினாயிரம் துண்டறிக்கை அச்சிடுவதே அவர் அங்கே இட்ட முதல் ஆணை என்று கேள்வி.

தை பிறந்தது. முப்பது நாள் கழிந்து புண்ணியாகவாசனம் ஆனதும், பழைய காகிதத்தைக் கூழாக்கும் ஆலையிலிருந்து வண்டி வந்தது. அறிவுச்செல்வி கீழே நின்று எண்ணிக்கொள்ள, மலைச்சாமி நாற்பத்தெட்டிலிருந்து ஒன்றுவரை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். ஒன்றாம் பெட்டியைத் தூக்கியபோது மட்டும், "கனமே இல்ல, தாயி" என்றார். அறிவுச்செல்வியும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

மூக்காயி தரையை மஞ்சள் நீரால் கழுவிவிட்டு மகளுக்குச் சோறாக்கப் போனாள். தீபா குழந்தையோடு வெயிலில் காயக் கீழ்முற்றத்துக்குப் போயிருந்தாள். அறையில் வேறு எவரும் இல்லை. மலைச்சாமி மாடத்தில் விளக்கேற்றி, முருகன் படத்துக்கு ஒரு செவ்வரளிப் பூ வைத்தார். அந்த வீட்டுக்கு வந்து பதினோர் ஆண்டு. இதுகாறும் நின்றபடியேதான் கும்பிட்டிருந்தார். இன்று துண்டை எடுத்து இடையில் கட்டினார். ஈரம் உலராத தரையில் மூலைக்கு மூலையாக முழங்கால் ஊன்றி, மார்பு ஊன்றி, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, நெற்றி நிலம் தோய விழுந்து வணங்கினார். விரல் நுனி சுவரைத் தொடவில்லை. கால் எதிலும் இடிபடவில்லை. வேண்டுதல் ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. சுடர் அசையாமல் நின்றது.

சிற்றில்லங்கள் வாழ்க. பெற்றவள் கால் நீட்டவும், பிறந்தது புரண்டு தவழவும், களைத்தவன் விழுந்து வணங்கவும் அவற்றில் ஒரு பாயளவு தரை என்றும் குறையாதிருக்க. அண்டம் அனைத்தையும் தன்னுள் வைத்தும் இன்னும் இடமுடையதாய் நிற்கும் அம்பலப் பெருவெளி நம் எல்லோரையும் இடம் தந்து காக்க.